ஓடிய நாளும் வந்த காசும்: மதுரைத் திரையரங்குகளின் வெற்றிக் கணக்கு

ஒரு படம் எத்தனை நாள் ஓடியது என்பதே அரை நூற்றாண்டுக்கும் மேலாக மதுரையில் அதன் வெற்றிக்கு அளவுகோலாக இருந்தது. இன்று அந்த இடத்தில் முதல் மூன்று நாள் வசூல் வந்து உட்கார்ந்திருக்கிறது. ரசனை தேய்ந்துவிட்டதே காரணம் என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நாள் கணக்கு கூட்டத்தை மட்டும் அளந்ததில்லை. படச்சுருள்கள் அடங்கிய பெட்டி நகரை விட்டு வெளியேற எடுத்துக்கொண்ட காலத்தையும் சேர்த்தே அளந்தது.

மதுரை ராயல் டாக்கி டிஸ்டிரிபியூட்டர்ஸ் தயாரித்து, ஒய்.வி. ராவ் இயக்கி, எம்.கே. தியாகராஜ பாகவதர் நடித்த 'சிந்தாமணி' 1937இல் வெளிவந்தது. ஒரே அரங்கில் ஓராண்டு ஓடிய முதல் தமிழ்ப் படம் என்ற பெயர் அதற்கு உண்டு. கிடைத்த லாபத்தில் அந்நிறுவனம் மதுரையிலேயே ஒரு தியேட்டர் கட்டி, படத்தின் பெயரையே அதற்கும் வைத்தது. லாபம் கட்டடமாகத் தெருவில் நின்றபோது வசூல் அறிக்கைக்குத் தேவை எழவில்லை.

1952 தீபாவளிக்குப் 'பராசக்தி'யோடு திறக்கப்பட்ட தங்கம் தியேட்டர் இன்னும் நெருக்கமான சான்று. ஆசியாவிலேயே பெரியது என்று ஊர் மார்தட்டிக்கொண்ட அந்த அரங்கில் 2,563 இருக்கைகள் இருந்தன. நாளுக்கு மூன்று ஆட்டம் என்று வைத்தால், நூறு நாள் அரங்கு நிறைய 7,68,900 டிக்கெட் விற்றாக வேண்டும். 1951 கணக்கெடுப்பில் மதுரையின் மக்கள்தொகை சுமார் 3.6 லட்சம். கைக்குழந்தை உட்பட ஊரே இரண்டு முறை பார்த்தாலும் போதாது. பாதி அரங்குதான் நிறைந்தது என்றாலும், ஊரில் ஒருவர் பாக்கியில்லாமல் வந்திருக்க வேண்டும். இந்தப் புதிருக்கு விடை தியேட்டரின் முகவரியில் இருக்கிறது. அது இருந்த மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியிலிருந்து ரயில் நிலையமும் பேருந்து நிலையமும் நடை தூரம்தான். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கமிருந்து கடைக்குச் சரக்கெடுக்கவும் கோர்ட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் வந்தவர்கள் ஓர் ஆட்டம் பார்த்துவிட்டு ஊர் திரும்பலாம். தங்கள் ஊர் டூரிங் டாக்கீஸுக்குப் பெட்டி வரும்வரை பொறுத்திருந்தால் மாதக்கணக்காகும். வந்தபின்னும் ஒரே பெட்டியை இரண்டு கொட்டகைகள் பங்குபோட, ரீல்கள் சைக்கிள் கேரியரில் போய்வந்த காலம் அது. நூறாவது நாள் போஸ்டரில் பெருமை நகரத்துக்கு. டிக்கெட் காசில் கணிசமான பங்கு சுற்றுவட்டாரத்திலிருந்து வந்தது.

இதனால் நாள் கணக்கு நேர்மையானது என்றாகிவிடாது. கூட்டம் குறைந்ததும் படத்தைப் பகல் காட்சிக்கு மட்டும் ஒதுக்குவார்கள். போஸ்டரில் எண் ஏறிக்கொண்டேயிருக்கும். தியேட்டர் மாறி ஓடியிருந்தால் எண்ணுக்குப் பக்கத்தில் 'இணைந்த' என்ற சொல் ஒட்டிக்கொள்ளும். ரசிகர் மன்றத்தார் கைக்காசு போட்டு நூறைத் தொட வைத்ததும் உண்டு. ஆனால் 'ஹவுஸ்ஃபுல்' பலகை தொங்குகிறதா இல்லையா என்பதைப் போகிறவர் வருகிறவர் எல்லோரும் பார்க்கலாம்.

1989இல் வந்த 'கரகாட்டக்காரன்' மதுரையில் ஓராண்டைத் தாண்டி ஓடியது. பெட்டித் தட்டுப்பாட்டை வைத்து மட்டும் அதை விளக்க முடியாது. இளையராஜா பாட்டுக்கும் வாழைப்பழ நகைச்சுவைக் காட்சிக்கும் திரும்பத் திரும்ப வந்தவர்களைக் கணக்கில் சேர்த்தே ஆக வேண்டும்.

டிஜிட்டல் திரையிடலோடு பெட்டியே ஒழிந்தது. மதுரையில் வெளியாகும் அதே காலையில் சிற்றூர் அரங்குகளிலும் படம் வருகிறது. ஆக, ஓட்டம் சுருங்கியதாலேயே பார்வையாளர் குறைந்தார்கள் என்று முடிவுகட்ட முடியாது. வசூல் எண்ணும் சிக்கலானதே. மதுரை–ராமநாதபுரம் ஏரியாவை எம்.ஜி. (குறைந்தபட்ச உத்தரவாதத் தொகை) கொடுத்து எடுத்த விநியோகஸ்தர் பார்ப்பது தன் கைக்கு வரும் ஷேர். ரசிகர்கள் சண்டையிடுவது மொத்த வசூலான கிராஸ் பற்றி. இரண்டுக்கும் நடுவே ஜி.எஸ்.டி., உள்ளாட்சிக் கேளிக்கை வரி, தியேட்டர் பங்கு எல்லாம் கழிகின்றன. கட்டண உயர்வு வேறு. காலம் கடந்து ஒப்பிட விற்ற டிக்கெட் எண்ணிக்கை ஒன்றே தகுதியானது. அது தியேட்டர்களின் அன்றாட வசூல் தாள்களில் வகுப்புவாரியாக இருக்கும். அந்தத் தாள்கள் வெளியே வராதவரை, 'சிந்தாமணி'யையும் சென்ற வாரப் படத்தையும் ஒரே பட்டியலில் வரிசைப்படுத்துவது ஆய்வாகாது.