கண்ணாடி ஏந்திய பெண்

ஒன்பதாம் வகுப்பில், நிலா ஏன் பூமியில் விழவில்லை என்று கேட்டேன். “அதெல்லாம் நியூட்டன் சொல்லிட்டாரு, உட்காரு” என்றார் ஆசிரியர். அந்தக் கேள்வியைப் பல ஆண்டுகள் கழித்துத் துருவிக்கொண்டு போனபோதுதான் எமிலி து ஷாத்லே என்ற பிரெஞ்சுப் பெண்ணை அறிந்தேன்.

முதலில் விடை. நிலா விழுந்துகொண்டேதான் இருக்கிறது. கையிலிருந்து நழுவும் கல் முதல் நொடியில் 4.9 மீட்டர் விழுகிறது. பூமியின் மையத்திலிருந்து நாம் இருப்பதைவிட 60 மடங்கு தொலைவில் நிலா இருக்கிறது. அதனால் ஈர்ப்பு அங்கே 3,600 மடங்கு குறைவு. ஒரு நொடியில் அது விழுவது ஏறத்தாழ 1.4 மில்லிமீட்டர்தான். அதே நொடியில் பக்கவாட்டில் ஒரு கிலோமீட்டர் ஓடிவிடுகிறது. ஈர்ப்பு இல்லையென்றால் நேர்கோட்டில் போயே போய்விடும். ஓட்டம் இல்லையென்றால் நம் தலைமேல் விழும். இரண்டும் சேர்வதால் பாதை வளைகிறது.

நியூட்டன் இதை 1687இல் லத்தீனில் எழுதினார். பிரான்சில் பலர் நெடுங்காலம் அதை ஏற்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத சுழல்களே கோள்களைச் சுமந்து செல்கின்றன என்ற தெகார்த்தின் கருத்தையே பிடித்துக்கொண்டிருந்தனர். 1738இல் வால்டேர் நியூட்டனை விளக்கி ஒரு நூல் வெளியிட்டார். அதன் முகப்புப் படத்தில் மேலே நியூட்டன், கீழே எழுதிக்கொண்டிருக்கும் வால்டேர். இடையில் ஒரு பெண் கண்ணாடி ஏந்தி, நியூட்டனின் ஒளியை வால்டேரின் மேசைக்குத் திருப்பிவிடுகிறாள். அந்தப் பெண் எமிலி. பாராட்டாகத்தான் வரைந்திருக்கிறார்கள். ஆனால் கண்ணாடிக்குச் சொந்த ஒளி கிடையாதே!

1740இல் எமிலி தன் இயற்பியல் நூலை வெளியிட்டார். அது தான் நடத்திய பாடம்தான் என்று அவருக்குக் கணிதம் கற்பித்த கோனிக் சொல்லித் திரிந்தார். பாரிஸ் அறிவியல் கழகத்திலோ பெண்ணுக்கு உறுப்பினர் இடமே இல்லை. எமிலி அடுத்து எடுத்தது அதைவிடப் பெரிய வேலை: நியூட்டனின் நூல் முழுவதையும் பிரெஞ்சில் பெயர்த்து, விளக்கவுரையும் எழுதுவது.

அந்த நேரத்தில் நிலாவே சிக்கலாகிவிட்டது. அதன் நீள்வட்டப் பாதையும் மெல்லத் திரும்புகிறது. ஒரு முழுச் சுற்றுக்கு ஏறத்தாழ 9 ஆண்டுகள். நியூட்டனின் விதிப்படி கணக்கிட்டால் அதில் பாதி வேகமே வருகிறது, விதியையே திருத்த வேண்டும் என்று 1747இல் கணித அறிஞர் கிளேரோ அறிவித்தார். எமிலியின் கணக்குகளைச் சரிபார்த்து உதவியவர் அவரேதான். 1749 மே மாதம் கிளேரோ தன் கூற்றைத் திரும்பப் பெற்றார். விதி சரி, தோராயமாகப் போட்ட கணக்குதான் போதவில்லை.

அப்போது எமிலி 42 வயதுக் கர்ப்பிணி. பிரசவத்தில் பிழைக்கமாட்டோம் என்ற அச்சம் அவருக்கு இருந்தது. விடியற்காலை 5 மணிவரைகூட விழித்து வேலை செய்தார். செப்டம்பர் தொடக்கத்தில் கையெழுத்துப் படிகளை அரசரின் நூலகத்துக்கு அனுப்பி, பதிவு செய்து காக்கும்படி கேட்டுக்கொண்டார். 4ஆம் தேதி பெண் குழந்தை பிறந்தது. 10ஆம் தேதி எமிலி இறந்தார். குழந்தையும் இரண்டு வயதைத் தாண்டவில்லை.

அவர் நம்பியது அந்தப் படிகளை மட்டும்தான். முழு நூல் 1759இல், அவர் இறந்து பத்தாண்டுகளுக்குப் பிறகு அச்சேறியது. பிரெஞ்சு வாசகர்கள் இன்றும் நியூட்டனை அந்த மொழிபெயர்ப்பில் படிக்கிறார்கள்.

வால்டேரின் காதலி என்றே எமிலியை அறிமுகப்படுத்தும் புத்தகங்கள் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன. நிலாவுக்கு நம் பாடநூல் வைத்த பெயரும் துணைக்கோள்தான். ஆனால் பூமி நிலாவை இழுக்கும் அதே விசையோடு நிலாவும் பூமியை இழுக்கிறது என்று நியூட்டனின் மூன்றாம் விதி சொல்கிறது. எமிலி மொழிபெயர்த்த பக்கங்களில் அதுவும் இருக்கிறது.