வலி தீர்க்கும் பிளாஸ்டரும் சின்னப் பிள்ளைகளும்

தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 2011இல் நடந்து சேர்த்த காசில் எழுந்தது தெல்லிப்பழை புற்றுநோய் வைத்தியசாலை. திறந்தது 2013இல். புற்றுநோய் வலிக்கு உலகம் கண்ட வழிகளில் ஒன்று பென்டனில் பிளாஸ்டர். அமெரிக்கா அதை அனுமதித்தது 1990இல். ஊசி இல்லை, தோல்வழியே மூன்று நாள் மருந்து இறங்கும்.

கழன்று விழுந்தால்தான் வில்லங்கம். பாவிச்சு முடிஞ்ச பிளாஸ்டரிலும் மருந்து மிஞ்சியிருக்கும். 15 வருஷத்தில் 26 பிள்ளைகள் தவறுதலாக அதில் மாட்டினார்கள், 10 பேர் இறந்தார்கள் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2012இல் எச்சரித்தது. பெரும்பாலானோர் இரண்டு வயதைத் தாண்டாதவர்கள். நிறம் மங்கிய பிளாஸ்டர் தரையில் கிடந்தால் ஆருக்குத் தெரியும்? 2013இல், எழுத்துகளைப் பளிச்சென்ற நிறத்தில் அச்சிடச் சொன்னார்கள்.

நிறம் மட்டும் காக்காது. கழற்றினதும் ஒட்டும் பக்கம் உள்ளே வர மடியுங்கோ. பிள்ளையில் ஒட்டியிருந்தால் உரிச்செடுத்து, உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கோ.