பொன் உருகும் வீட்டில் வைரத்துக்கு என்ன வேலை?

யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறையில் ஒரு கலியாணம் முற்றாகிவிட்டது என்பதை ஊருக்குச் சொல்வது மோதிரம் அல்ல, பொன்னுருக்கு. நல்ல நாளும் நேரமும் பார்த்து, மாப்பிள்ளை வீட்டு விறாந்தையில் நிறைகுடமும் குத்துவிளக்கும் வைத்து, ஆசாரியாரை அழைத்து இருத்துவார்கள். வெற்றிலை, பாக்கு, பழம், தேசிக்காய், மஞ்சளோடு தாலிக்கான ஒரு பவுண் காசு தட்டத்தில் சபையைச் சுற்றி வரும். பெரியவர்கள் தொட்டு வாழ்த்திய பிறகு அது ஆசாரியார் கைக்குப் போகும். சிரட்டைக்கரி நெருப்பில் மூசையை வைத்து அவர் குழலால் ஊத ஊத, காசில் இருந்த தலையும் எழுத்தும் கலைந்து, ஒரு மஞ்சள் துளி மட்டும் உருண்டு மினுங்கும். ஆறிய கட்டியைத் தட்டத்தில் வைத்துத் திருப்பிக் கொடுப்பார். தட்சணையோடு அரிசி, தேங்காய், காய்கறியும் அவருக்குக் கிடைக்கும்.

அதே நாளில் பலகாரச் சட்டி அடுப்பில் ஏறும். முள்முருக்கங் கிளையைக் கன்னிக்காலாக ஊன்றி நீர் வார்ப்பார்கள். அன்று தொடக்கம் தாலி கட்டும் வரை மணமக்கள் ஒருவரையொருவர் பார்க்கக் கூடாது. பொன்னுருக்கிய பிறகு ஒரு சம்பந்தம் குழம்பினால் இரண்டு வீட்டுக்கும் தலைக்குனிவு.

இந்தச் சடங்கில் வைரத்துக்கு இடமில்லை. இடம் கொடுத்தாலும் அது தாங்காது. தூய தங்கம் உருக 1064 பாகை செல்சியஸ் வேண்டும். வைரமோ, காற்றுப்பட 800 பாகையைத் தாண்டிச் சூடேறினால் எரியத் தொடங்கிவிடும். 1772இல் பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியே பெரிய வில்லையால் வெயிலைக் குவித்து வைரத்தை எரித்துக் காட்டினார். 1797இல் ஸ்மித்சன் டெனன்ட் என்ற ஆங்கிலேயர், எரிந்தது வெறும் கரிதான் என்று நிறுவினார். ஆசாரியார் ஊதும் சிரட்டைக்கரியும் விரலில் ஒளிரும் கல்லும் ஒரே மூலகம். கல் பதித்த நகையில் பற்றவைக்க நேர்ந்தால் நகைத் தொழிலாளர்கள் கல்லைக் கழற்றுவார்கள், அல்லது போரிக் அமிலக் கரைசலில் தோய்த்த பிறகே சுடரைக் காட்டுவார்கள். இல்லாவிட்டால் கல்லின் முகம் வெந்து பால்போல் மங்கிவிடும்.

இப்படிப்பட்ட ஒரு கல், என்றும் அழியாத காதலுக்கு அடையாளமானது எப்படி? அந்தக் கதை பலர் நினைப்பதை விட இளையது.

1477இல் ஆஸ்திரியாவின் மாக்சிமிலியன், பர்கண்டியின் மேரிக்குக் கொடுத்த வைர மோதிரத்தைத்தான் நிச்சயதார்த்த மோதிரத்தின் தொடக்கமாகப் பலரும் காட்டுவார்கள். ஆனால் அது அரண்மனை வழக்கம். அந்நாளில் உலகத்துக்கு வைரம் கிடைத்தது பெரும்பாலும் இந்தியாவில் இருந்துதான், அதிலும் கோல்கொண்டா நாட்டுச் சுரங்கங்களில் இருந்து. 1702இல் சென்னை புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநர் தாமஸ் பிட், 410 கரட் எடையுள்ள பட்டை தீட்டாத வைரம் ஒன்றை வாங்கினார். 1717இல் அது பிரான்ஸ் அரசுக்கு விலைபோனது. அத்தகைய கற்கள் அரச முடிகளுக்குப் போயின. சாதாரண மணப்பெண்ணின் விரலுக்கு வரவில்லை.

1720களில் பிரேசிலில் வைரம் கிடைத்தது. 1867இல் தென்னாபிரிக்காவின் ஹோப்டவுன் அருகே ஒரு பண்ணைச் சிறுவன் விளையாட்டாகப் பொறுக்கிய கல் வைரம் என்று உறுதியானது. அதன் பின் கிம்பர்லியில் மண்ணை வெட்ட வெட்ட வைரம் வந்தது. அரிய பொருள் மலிந்துவிட்டால் விலை விழும் அல்லவா? அதைத் தடுக்கத்தான் 1888இல் செசில் ரோட்ஸ் சுரங்கங்களை ஒன்றிணைத்து டி பியர்ஸ் நிறுவனத்தை உருவாக்கினார். கல் சந்தைக்கு அளந்தே விடப்பட்டது.

கல்லை அளந்து விட்டால் போதாது, ஆசையையும் வளர்க்க வேண்டும். 1930களின் பொருளாதார மந்தத்துக்குப் பிறகு டி பியர்ஸ், என்.டபிள்யூ. அயர் என்ற அமெரிக்க விளம்பர நிறுவனத்தை நாடியது. 1947இல் அங்கு வேலை பார்த்த பிரான்சிஸ் ஜெரட்டி, வைரம் என்றென்றைக்கும் உரியது என்ற பொருளில் நான்கே சொற்களில் ஒரு வாசகத்தை எழுதிக் கொடுத்தார். உலகம் முழுக்கப் பெண்களின் விரலில் மோதிரம் ஏற்றிய அந்த அம்மையார் கடைசி வரை மணம் முடிக்கவில்லை. ஜப்பானில் 1967இல் நிச்சயமான பெண்களில் நூற்றுக்கு 5 பேருக்குத்தான் வைர மோதிரம் கிடைத்தது. 1981இல் அது 60 ஆனது. ஒரே தலைமுறையில் விளம்பரம் ஒரு நாட்டுக்குப் புதுச் சம்பிரதாயம் உண்டாக்கிக் கொடுத்துவிட்டது.

பருத்தித்துறைப் பெண்ணின் நகைக்கு இதைவிடப் பழைய எழுத்துச் சாட்சி உண்டு. சென்னையில் பிட் தன் கல்லை விற்க ஆள் தேடிக்கொண்டிருந்த காலத்தில், யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் இவ்வூர் வழக்கங்களைத் தொகுத்துக்கொண்டிருந்தார். 1707இல் முடிந்த அந்தத் தொகுப்புத்தான் தேசவழமை. 1806இல் பிரித்தானியர் அதற்குச் சட்ட வலு கொடுத்தனர். பரம்பரையாக வந்த முதுசம், பெண்ணுக்குக் கொடுத்த சீதனம், மணவாழ்வில் சேர்த்த தேடியதேட்டம் என்று சொத்தை வகுத்துப் பார்க்கும் அந்த முறை இன்றும் வடக்குத் தமிழரை ஆள்கிறது.

1911இல் வந்த யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மணமான பெண் தன் காணியை விற்கக் கணவனின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். அசையும் சொத்துக்கு அது வேண்டாம். அதாவது வளவில் ஒரு துண்டை அவள் தனியாக விற்க முடியாது. கைக் காப்பைக் கழற்றி விற்க யாரிடமும் கேட்கத் தேவையில்லை. வீட்டில் தங்கம் சேர்ந்ததற்கு ஆசையும் அழகும் மட்டும் காரணமல்ல. சட்டம் அவளிடம் முழுதாக விட்டுவைத்த சொத்து அது.

அவசரத்துக்குக் கைகொடுக்கும் அந்த வேலை வைரத்தால் நடக்காது. பிள்ளையின் படிப்புக்கோ வெளிநாட்டுப் பயணத்துக்கோ நகையை அடைவு வைக்கப் போனால், பொன்னை உரைத்து நிறுத்துப் பவுண் கணக்கில் காசு தருவார்கள். கல்லின் எடையைக் கழித்துவிடுவார்கள். வாங்கும்போது கல்லுக்குத் தனி விலை, வைக்கும்போது கல் வெறும் பாரம். ஒரு பவுண் காசு ஏறக்குறைய 8 கிராம், 22 கரட். எந்த ஊரில் நிறுத்தாலும் அதுதான். வைரத்துக்கு அப்படி ஓர் ஒற்றை விலை கிடையாது. நிறம், தெளிவு, பட்டை, எடை எல்லாம் பார்த்துத்தான் சொல்வார்கள்; மறுவிற்பனையில் வாங்கிய விலை திரும்புவது அரிது.

வைரம் இங்கே அறியாப் பொருள் அல்ல. வசதியான வீடுகளில் அது தோட்டிலும் மூக்குத்தியிலும் இருந்தது. ஆனால் பயமும் சேர்ந்தே இருந்தது. குற்றமுள்ள கல் குடும்பத்துக்கு ஆகாது என்று நம்பி, வாங்குமுன் சில நாள் வீட்டில் வைத்துப் பார்த்தவர்கள் உண்டு. அதனால் கண்ணை மூடிக்கொண்டு யாரும் கலியாணப் பரிசாக வைரம் கொடுப்பதில்லை.

மோதிரத்தின் கதை வேறு. யாழ்ப்பாணத்து இந்துக் கலியாணத்தில் அது வருவது விளையாட்டாக: நீர் நிறைந்த குடத்தில் கணையாழியைப் போட்டு, மணமக்கள் இருவரும் கை விட்டுத் தேடி எடுப்பார்கள். சுற்றி நிற்கும் மச்சாள்மார் பொம்பிளைப் பக்கம் கத்துவார்கள். விரலில் அணிவித்து உறுதி சொல்லும் மோதிரத்தைக் கொண்டுவந்தது தேவாலயம். வெஸ்லியன் மிஷனரிமார் யாழ்ப்பாணம் வந்தது 1814இல். பருத்தித்துறையில் அவர்கள் 1838இல் தொடங்கிய பள்ளிதான் இன்றைய ஹாட்லிக் கல்லூரி. கிறிஸ்தவர்கள் மோதிரத்தை ஏற்றார்கள், தாலியை விடவில்லை. இந்துக்களின் தாலியில் பிள்ளையாரோ அம்மனோ இருக்க, அவர்களுடையதில் புறாவும் வேதப்புத்தகமும் இடம்பிடித்தன.

இத்தனைக்கும் இலங்கை மணிகளுக்குப் பேர்போன நாடு. ஆனால் வைரம் இங்கே விளைவதில்லை. 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குப் போன ‘மாத்தறை வைரம்’ உண்மையில் சூடேற்றி நிறம் நீக்கிய சிர்க்கோன். உருப்பெருக்கியால் பார்த்தால் அதன் அடிப்பட்டைகள் இரட்டையாகத் தெரியும். வைரத்தில் அப்படித் தெரியாது. உலகின் மிகப் புகழ்பெற்ற நிச்சயதார்த்த மோதிரத்தின் நடுவிலும் வைரம் இல்லை. 1981இல் டயானா அணிந்தது 12 கரட் இலங்கை நீலக்கல். சுற்றியிருக்கும் சிறு கற்கள்தான் வைரம்.

இன்று ரொறன்ரோவிலும் லண்டனிலும் வளர்ந்த பருத்தித்துறைப் பிள்ளைகளுக்கு வைர மோதிரம் புதிதல்ல. கலியாணப் பதிவு எழுத்தன்று மோதிரம் மாற்றுகிறார்கள்; பிறகு பொன்னுருக்கும் நடக்கிறது. மோதிரத்தின் கல் சுரங்கத்தில் இருந்து வந்ததாக இருக்கவேண்டும் என்பதும் இல்லை. 1954 டிசம்பரில் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வுகூடத்தில் டிரேசி ஹால் செயற்கை வைரத்தை உருவாக்கிக் காட்டினார். 2018இல் அமெரிக்க வர்த்தக ஆணையம், வைரம் என்பதற்கான வரையறையில் இருந்து ‘இயற்கையான’ என்ற சொல்லையே எடுத்துவிட்டது. ஆய்வுகூடக் கல் பெருகப் பெருக விலை இறங்கி வருகிறது.

பவுணின் பாதை எதிர்த்திசையில். 2022இல் சில வாரங்களுக்குள் ஒரு டொலர் சுமார் 200 ரூபாயில் இருந்து 360 வரை போனபோது, இலங்கையில் தங்கத்தின் விலையும் கூடவே ஏறியது. 9, 11, 13 என்று ஒற்றைப்படைப் பவுணில் தாலிக்கொடி செய்யும் வழக்கமுள்ள வீடுகளில் அந்த எண் குறைந்தது. பலர் கொடியைக் கடையில் ஆயத்தமாகவே வாங்கிவிடுகிறார்கள். ஆனாலும் ஒரு காசை ஒதுக்கி, நாள் குறித்து, ஆசாரியாருக்குச் சொல்லி அனுப்புகிறார்கள்.