வன்னியின் மாட்டுக்குறிகளும் வணிக இலச்சினையும்

இன்று கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ புதிதாக வணிகந் தொடங்குவோர் நல்லதோர் இலச்சினையைத் தேடுகின்றனர். இலச்சினை அமைத்தல் மேனாட்டார் நமக்குக் கற்பித்த கலை என்பது பொதுவான எண்ணம். வன்னி மண்ணின் வாழ்வை நோக்குமிடத்து இவ்வெண்ணம் பொருந்துவதாயில்லை. அங்குள்ள பட்டிக்காரர் தலைமுறை தலைமுறையாக மாட்டின் தோலிலே இலச்சினை பொறித்து வந்துள்ளனர். குறிசுடுதல் எனப்படும் அவ்வழக்கத்திலிருந்து சிறந்த இலச்சினையின் இலக்கணத்தை அறிய முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மாடு என்னுஞ் சொல்லுக்கே செல்வம் என்ற பொருள் தமிழில் உண்டு. ஆநிரை கவர்தலை வெட்சித்திணையின் பொருளாகத் தொல்காப்பியம் கூறும். கவரப்படும் பொருளுக்கு அடையாளம் வேண்டுவது இயல்பே. பாணினியின் இலக்கண நூல் கால்நடைகளின் காதிலிடப்பட்ட சுவத்திகம் முதலிய குறிகளைச் சுட்டுகின்றது. நிரைகளின் குறிகளைப் பதிவுசெய்தல் கால்நடை அதிகாரியின் கடமை என அர்த்தசாத்திரம் விதிக்கின்றது.

வன்னியிலே இத்தேவை மிகுதியாக இருந்தது. காடும் குளமும் வயலும் கலந்த அந்நிலத்தில் மாடுகள் மேய்ப்பாரின்றியே நெடுந்தூரஞ் சென்று மேய்ந்தன. பலருடைய பட்டிகள் ஒன்றோடொன்று கலந்தன. ஆகவே, காய்ச்சிய இரும்பினால் மாட்டின் உடலிலே உரிமையாளரின் பெயரெழுத்துக்கள் சுடப்பட்டன. கிழக்கே மட்டக்களப்புப் பகுதியில் இவ்வெழுத்துக்களோடு குடிகளுக்குரிய குறிகளும் வழங்கின. முன்னது ஆளையும் பின்னது குலத்தையும் சுட்டின. நிறுவனப் பெயரும் சின்னமும் சேர்ந்து நிற்கும் இன்றைய முறையோடு இது ஒப்பிடத்தக்கது.

குறியை அமைப்பதிலே இரும்பு சில விதிகளை வகுத்தது. முதலாவது எளிமை. ‘ண’ போன்று சுழிகள் நெருங்கிய எழுத்தைச் சிறிதாகச் சுட்டால் வெப்பம் ஓரிடத்தே தேங்கித் தழும்பு ஒன்றாகிவிடும். கோடுகளுக்கிடையே வெளி வேண்டும். இரண்டாவது தெளிவு. பற்றைக்குள் நிற்கும் மாட்டைத் தொலைவிலிருந்தே இனங்காண வேண்டும். மூன்றாவது தனித்தன்மை. அயலவன் குறியை ஒத்த குறி வழக்கையே வளர்க்கும். நான்காவது மாற்றவியலாமை. ‘ப’ என்பதிலே ஒரு கோட்டைச் சேர்த்து ‘ய’ ஆக்கக்கூடுமாயின் அது கள்வனுக்கே உதவும். ஐந்தாவது நிலைபேறு. கன்றிற் சுட்ட குறி, மாடு வளர்ந்த பின்னும் உருக்குலையாதிருத்தல் வேண்டும். இன்றைய இலச்சினை வரைவோர் கைக்கொள்ளும் விதிகளும் பெரும்பாலும் இவையே.

இவ்வுறவு தற்செயலானதன்று. வணிகப் பெயரைக் குறிக்கும் ‘பிராண்ட்’ என்னும் ஆங்கிலச் சொல் எரித்தலைக் குறித்த பழஞ்சொல்லின் வழிவந்ததாகும். பிரித்தானியாவின் முதற் பதிவு வணிகக்குறியாக 1876இல் இடம்பெற்ற பாஸ் நிறுவனத்தின் சிவப்பு முக்கோணமும் எளிமையினாலேயே நிலைத்தது. இலங்கையில் 1958ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க விலங்குகள் சட்டம் மாட்டுக்குறிகளுக்கும், 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் வணிகக்குறிகளுக்கும் இடமளித்தன. இரண்டும் காப்பது உரிமையையே.

அவ்வுரிமையின் பெறுமதியைப் போர் உணர்த்திற்று. 2009இல் வன்னி மக்கள் அனைத்தையும் விட்டு இடம்பெயர்ந்தபோது பட்டிகள் சிதறின; மாடுகள் கட்டாக்காலிகளாயின. மீண்டு வந்தோரிற் பலரிடம் பத்திரங்கள் எவையும் எஞ்சவில்லை. அத்தகையோர்க்குத் தம் மாடு இதுவென நிறுவத் தழும்பொன்றே சான்றாகக் கூடியதாயிருந்தது. உடைமையாளனின் வாயும் கையும் செயலற்ற வேளையிலும் குறி அவனுக்காகப் பேசிற்று.

சூட்டுக்குறி வாயில்லாச் சீவனுக்கு நோவு தருவதென்பதை மறுத்தற்கில்லை. அதனிடத்தைக் காதணி அடையாளங்கள் பெற்றுவருவது வரவேற்கத்தக்கதே. எனினும் அது கற்பித்த பாடம் மறைதலாகாது. இலச்சினையின் சிறப்பு அதன் அலங்காரத்தில் இல்லை. ‘இது இன்னாருடையது, இதற்கு இன்னார் பொறுப்பு’ என்று ஐயத்துக்கிடமின்றிக் கூறுவதிலேயே உள்ளது. போரின் பின் மீண்டும் கடை திறக்கும் வன்னி வணிகர், தம் பெயர்ப்பலகைக்குரிய சின்னத்தைத் தேடுமுன் தம் பாட்டனாரின் குறியிரும்பை ஒருமுறை நினைத்துப் பார்ப்பாராக.