மாதிரி ரயில் எஞ்சின்களின் ஒலியமைப்புகள்

மாதிரி ரயில் எஞ்சினின் ஒலியமைப்பு என்பது, உண்மையான எஞ்சினின் ஊதல், மணி, புகைப்போக்கி ஓசை, டீசல் உறுமல் ஆகியவற்றைச் சிறிய எஞ்சினுக்குள்ளிருந்தோ அது ஓடும் மேசைக்கு அடியிலிருந்தோ எழுப்பும் கருவித் தொகுதி. அமெரிக்கா, ஜெர்மனி, ஆஸ்திரியா, பிரிட்டன் ஆகிய நாடுகளில் இது வளர்ந்தது. உற்பத்தியாளர்கள் தங்கள் கருவியின் நினைவக அளவையும், ஒரே சமயத்தில் எத்தனை ஓசைகள் ஒலிக்கும் என்பதையும் முன்னிறுத்துகிறார்கள். காது தேடுவது வேறு இரண்டை. ஓசை சக்கரத்தோடும் சுமையோடும் சேர்ந்து மாற வேண்டும். ஸ்பீக்கர் சரியான பெட்டிக்குள் அடைபட்டிருக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாத எஞ்சினில் எவ்வளவு விலையுயர்ந்த சில்லைப் பொருத்தினாலும் அது பாட்டுப்பெட்டியாகவே நின்றுவிடும்.

தொடக்கம்

அமெரிக்காவின் லயனல் நிறுவனம் 1935-இல் கொண்டுவந்த ஊதல் உண்மையிலேயே காற்றால் ஊதியது. எஞ்சினுக்குப் பின்னால் இழுபடும் டெண்டரில் ஒரு சிறு மோட்டாரும் விசிறியும் இருந்தன. தண்டவாளத்தில் ஓடும் ஏசி மின்சாரத்தோடு சிறிது டிசி கலந்ததும் ஒரு ரிலே இயங்கி மோட்டாரைச் சுழற்றும். விசிறி தள்ளும் காற்று ஊதல் அறைக்குள் புகுந்து ஒலிக்கும். ஒரே தண்டவாளத்தின் வழியே ஓட்டத்துக்கான மின்சாரத்தையும் ஓசைக்கான கட்டளையையும் சேர்த்து அனுப்பும் வழக்கத்துக்கு இது ஒரு முன்னோடி.

1970-களில் பசிபிக் ஃபாஸ்ட் மெயில் நிறுவனம் விற்ற அமைப்பு இதை வேறு வழியில் கையாண்டது. நீராவி ஓசை கட்டுப்பாட்டுப் பெட்டியில் உருவாகித் தண்டவாளம் வழியாக எஞ்சினில் இருந்த ஸ்பீக்கரை அடைந்தது. சக்கர அச்சில் பொருத்திய ஒரு தொடுமுனை, எப்போது ‘குப்’ என்று ஒலிக்க வேண்டும் என்பதை அந்தப் பெட்டிக்குச் சொன்னது. அந்தக் காலத்து எலக்ட்ரானிக்ஸ் கரடுமுரடானதுதான். ஆனாலும் சக்கரத்திலிருந்து ஓசையைப் பெற வேண்டும் என்ற அந்த முடிவு சரியானது. பின்னால் வந்த டிகோடர்களில், அதாவது எஞ்சினுக்குள் வைக்கும் கட்டுப்பாட்டுச் சுற்றுகளில், மலிவான சில அதைக் கைவிட்டது இறக்கம் என்றே சொல்ல வேண்டும்.

டிசி மின்சாரத்தில் ஓடும் பழைய முறையில் ஒரு தடை எப்போதும் இருந்தது. எஞ்சின் நிற்கும்போது தண்டவாளத்தில் மின்சாரமே இருக்காது. ஆகவே நிலையத்தில் நிற்கும் எஞ்சின் ஊமையாகிவிடும். ஜெர்மனியின் பெர்ன்ட் லென்ஸ் உருவாக்கியதை அடிப்படையாகக் கொண்டு, அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கம் 1990-களின் நடுவில் தரப்படுத்திய டிசிசி என்னும் டிஜிட்டல் கட்டுப்பாட்டு முறை அந்தத் தடையை நீக்கியது. இதில் தண்டவாளத்தில் முழு மின்னழுத்தம் எப்போதும் இருக்கும். எஞ்சினுக்குள் இருக்கும் டிகோடர் தன் எண்ணுக்கு வந்த கட்டளையை மட்டும் படித்து மோட்டாரையும் விளக்கையும் ஓசையையும் இயக்கும். கொலராடோவின் டுராங்கோ ஊரிலிருந்து சவுண்ட்ட்ராக்ஸ் நிறுவனம் இந்த முறைக்கான ஒலி டிகோடர்களை முதலில் கொண்டுவந்த நிறுவனங்களில் ஒன்று.

சக்கரமும் ஓசையும்

இரண்டு சிலிண்டர் கொண்ட நீராவி எஞ்சின், சக்கரம் ஒருமுறை சுற்றும்போது நான்கு முறை நீராவியைப் புகைப்போக்கி வழியே வெளியேற்றும். பிரிட்டனின் மல்லார்ட் போன்ற மூன்று சிலிண்டர் எஞ்சின் ஆறு முறை வெளியேற்றும். இந்தக் கணக்கு மாதிரியிலும் அப்படியே பொருந்துகிறது. எச்.ஓ. அளவில் எல்லாமே 87-இல் ஒரு பங்கு. சக்கரமும் அந்த அளவுக்குச் சுருங்கி, வேகமும் அதே அளவுக்குச் சுருங்கினால், ஒரு விநாடியில் சக்கரம் சுற்றும் எண்ணிக்கை மாறுவதில்லை. ஆகவே சரியான வேகத்தில் ஓடும் மாதிரியில் ஓசையின் தாளம் உண்மை எஞ்சினின் தாளமேதான்.

இந்தத் தாளம் பிசகினால் கண் உடனே கண்டுகொள்ளும். மெல்ல நகரும் எஞ்சினில் ஒவ்வொரு ஓசையும் தனித்தனியாகக் கேட்பதால் இணைப்புத் தண்டின் அசைவோடு அது பொருந்துகிறதா என்று பார்க்க முடிகிறது. வேகம் கூடியபின் ஓசைகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். மல்லார்டின் சக்கரம் ஏறத்தாழ 2.03 மீட்டர் விட்டம். மணிக்கு 100 கிலோமீட்டரில் அது விநாடிக்குச் சுமார் 26 முறை ஒலிக்கும். ஆகவே ஓர் ஒலியமைப்பைச் சோதிக்க விரும்புபவர் வேகத்தைக் குறைத்துக் கேட்க வேண்டும்.

சக்கரத்தின் நிலையை அறிய மூன்று வழிகள் உண்டு. அச்சில் தொடுமுனை வைப்பது பழையது. நாளடைவில் அழுக்கேறித் தடுமாறும். காந்தமும் அதை உணரும் ஹால் உணரியும் வைப்பது உறுதியானது. மூன்றாவது வழியில் டிகோடர் மோட்டாருக்குச் செல்லும் மின்சாரத்தைக் கணநேரம் நிறுத்தி, சுழலும் மோட்டார் தானே உண்டாக்கும் மின்னழுத்தத்தை அளந்து வேகத்தைக் கணிக்கிறது. கூடுதல் கம்பி எதுவும் தேவையில்லை என்பதால் இதுவே பரவலாக இருக்கிறது. பொறுமையாகச் சரிசெய்தால் நன்றாகவே பொருந்தும்.

அதே அளவீடு இன்னொன்றையும் தருகிறது: சுமை. மேட்டில் ஏறும்போது மோட்டார் திணறுவதை டிகோடர் உணர்ந்து புகைப்போக்கி ஓசையைக் கனமாக்குகிறது. இறக்கத்தில் அதை மெல்லியதாக்குகிறது. சவுண்ட்ட்ராக்ஸின் சுனாமி-2 வரிசை இதில் சிறப்பானது. மலைப்பாதையை மேசையில் அமைத்திருப்பவர்கள் மற்ற வசதிகளை விட்டுக்கொடுத்தாவது இதைப் பெற வேண்டும்.

முக்கிய டிகோடர்கள்

சவுண்ட்ட்ராக்ஸ் தன் ஒலிகளைத் தானே பூட்டிவைத்திருக்கிறது. பயனர் உள்ளே இருக்கும் பல ஊதல்களிலும் மணிகளிலும் தமக்குப் பிடித்ததைத் தேர்ந்தெடுக்கலாம். வெளியிலிருந்து புதிய ஒலியை ஏற்ற முடியாது. தெற்கு ஜெர்மனியின் உல்ம் வட்டாரத்து ஈ.எஸ்.யு. நிறுவனத்தின் லோக்சவுண்ட் இதற்கு நேரெதிர். லோக்புரோகிராமர் என்னும் கருவியால் முழு ஒலிக்கோப்பையும் மாற்றலாம். ஒரே டிகோடரை இன்று நீராவி எஞ்சினுக்கும் நாளை டீசலுக்கும் பயன்படுத்தலாம். லோக்சவுண்ட் 5, 16 பிட் தரத்தில் ஒரே சமயத்தில் பத்து ஓசைகளை எழுப்புகிறது. இதில் வேகத்தை நிலையாக வைத்துக்கொண்டு எஞ்சின் ஓசையை மட்டும் ஏற்றி இறக்கும் வசதியும் உண்டு. நீண்ட சரக்கு ரயில் முழு உறுமலோடு ஊர்ந்து செல்வதை இப்படித்தான் காட்ட முடியும். வியன்னாவின் ஜிமோவும் ஒலிக்கோப்பை மாற்ற விடுகிறது; மோட்டாரை நுணுக்கமாகக் கட்டுப்படுத்துவதில் அதற்கு நெடுங்காலப் பெயர் உண்டு.

பிரிட்டனின் ஹார்ன்பி, டிடிஎஸ் என்ற விலை குறைந்த வரிசையால் ஓசையைப் பலருக்கும் எட்டச் செய்தது. அதன் பின்வந்த எச்எம்7000, புளூடூத் வழியாகக் கைபேசியிலிருந்தே ஒலியை ஏற்றிக்கொள்ளும்; தனிக் கருவி வேண்டாம். புதிதாகத் தொடங்குபவருக்கு இது நல்ல வழி. பெரிய அளவு மூன்று தண்டவாள ரயில்களில் லயனலின் ரயில்சவுண்ட்ஸும் எம்.டி.எச். நிறுவனத்தின் புரோட்டோ-சவுண்டும் தனி உலகங்களாக வளர்ந்தன.

ஸ்பீக்கர்

டீசல் எஞ்சினின் உறுமல் எவ்வளவு தாழ்ந்த சுருதி கொண்டது என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 16 சிலிண்டர் கொண்ட நான்கு வீச்சு அல்கோ 251 எஞ்சின் ஒரு சுற்றில் எட்டு முறை எரிகிறது. நிமிடத்துக்கு 400 சுற்றில் சும்மா ஓடும்போது அது விநாடிக்கு ஏறத்தாழ 53 அதிர்வு. முழு வேகமான 1000 சுற்றில் ஏறத்தாழ 133. இந்திய ரயில்வேயின் டபிள்யூடிஎம்-2 எஞ்சினுக்குள் இருந்ததும் இந்த 251 குடும்பமே என்பதால், தமிழ்நாட்டில் அந்த வண்டிகளின் துடிப்பைக் கேட்டு வளர்ந்தவருக்கு அமெரிக்க அல்கோ ஒலிக்கோப்பு அந்நியமாகத் தோன்றாது.

விரல்நுனி அளவு ஸ்பீக்கரால் 53 அதிர்வை எழுப்பவே முடியாது. அதன் மேல் மடங்குகளை மட்டுமே அது தருகிறது. அடிப்படைச் சுருதியை மூளை நிரப்பிக்கொள்கிறது. அந்த மேல் மடங்குகளாவது முழுமையாக வர வேண்டுமானால் ஸ்பீக்கரின் பின்புறம் அடைபட்டிருக்க வேண்டும். முன்னால் தள்ளும் காற்றும் பின்னால் இழுக்கும் காற்றும் கலந்தால் கீழ் ஓசைகள் ஒன்றையொன்று அழித்துவிடும். பெட்டியின் ஓரத்தில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் ஓசை தகரம்போல் ஆகும். கைபேசிகளுக்காக வந்த, ‘ஷுகர் கியூப்’ என்று அழைக்கப்படும் சிறு ஸ்பீக்கர்கள், முத்திரையிட்ட பெட்டிக்குள் வைத்தால் தம் அளவுக்கு மீறி ஒலிக்கின்றன. பழைய லோக்சவுண்ட் டிகோடர்கள் 100 ஓம் ஸ்பீக்கரைக் கேட்டன. அவற்றில் இன்றைய 8 ஓம் ஸ்பீக்கரை இணைத்தால் பெருக்கி எரிந்துபோகும்.

கீழ் ஓசையை எஞ்சினுக்கு வெளியே கொண்டுபோனவர்களும் உண்டு. பிராட்வே லிமிடெட் நிறுவனத்தின் ரோலிங் தண்டர் முறையில் எஞ்சின் தன் கீழ் ஓசையைக் கம்பியில்லாமல் அனுப்ப, மேசைக்கு அடியிலிருந்த பெரிய ஸ்பீக்கர் அதை எழுப்பியது. கீழ் ஓசை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதைக் காது எளிதில் பிரித்தறியாது என்பதால் இந்த ஏற்பாடு வேலை செய்கிறது.

ஒலியளவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எச்.ஓ. மாதிரியை ஒரு மீட்டர் தொலைவில் பார்ப்பது உண்மை எஞ்சினை 87 மீட்டர் தள்ளிப் பார்ப்பதற்குச் சமம். 160-இல் ஒரு பங்கான ‘என்’ (N) அளவில் 160 மீட்டர். தொழிற்சாலையில் வைத்து அனுப்பும் ஒலியளவு பெரும்பாலும் இதற்குப் பொருந்தாத அளவுக்கு உரக்க இருக்கிறது. பல எஞ்சின்கள் ஓடும் அறையில் அதைப் பாதிக்கும் கீழே இறக்கினால்தான் ஒவ்வோர் எஞ்சினும் தனித்துக் கேட்கும்.

ஒலிப்பதிவு

டிகோடருக்கு வேண்டியது ஓடும் ரயிலின் முழுப் பதிவு அல்ல. ஒவ்வொரு வெளியேற்றமும், ஊதலின் தொடக்கமும் நடுவும் முடிவும், காற்றுப் பம்பின் துடிப்பும் தனித்தனியாக, வேறு ஓசை கலக்காமல் வேண்டும். 1950-களில் நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் பாதையின் நீராவி எஞ்சின்களை ஓ. வின்ஸ்டன் லிங்க்கும், பிரிட்டிஷ் எஞ்சின்களைப் பீட்டர் ஹேண்ட்ஃபோர்டும் பதிவு செய்தார்கள். அவை அரிய ஆவணங்கள். ஆனால் அவற்றைத் துண்டாக்கி டிகோடரில் ஏற்றுவது கடினம். பாதுகாக்கப்பட்டு இன்றும் ஓடும் எஞ்சின்களில் ஒலிவாங்கி வைத்துப் பதிந்த கோப்புகளே நம்பத் தக்கவை. பென்சில்வேனியா ரயில்வேயின் டி1, நியூயார்க் சென்ட்ரலின் ஹட்சன் போன்ற வகைகளில் அசல் எஞ்சின் ஒன்றுகூட எஞ்சவில்லை. அவற்றின் மாதிரிகளில் கேட்பது வேறு எஞ்சின்களின் ஓசையைக் கொண்டு அமைத்த ஊகம். ஊதல்கள் மட்டும் சில இடங்களில் விதிவிலக்கு: உடைக்கப்பட்ட எஞ்சின்களிலிருந்து கழற்றிச் சேகரிப்பாளர்கள் காத்துவைத்த ஊதல்களை மீண்டும் நீராவியிலோ அழுத்தக் காற்றிலோ ஒலிக்கச் செய்து பதிவு செய்ய முடிகிறது.