.22 மாற்றுத்தொகுதி இறுகினால்: சுடுகழகத்துக்குப் பிள்ளைகளை அனுப்பும் குடும்பங்களுக்குச் சில குறிப்புகள்

துவக்கு என்ற சொல்லைக் கேட்டாலே முகம் மாறுகின்ற தலைமுறை எங்களுடையது. ஆனால் சுவிற்சர்லாந்தில் பிறந்து வளர்ந்த எங்கள் பிள்ளைகளுக்கு அது ஒரு விளையாட்டுக் கருவியாகவும் அறிமுகமாகிறது. சுவிஸ் குடியுரிமை பெற்ற இளையோர் சிலர் துப்பாக்கிச்சுடுதல் கழகங்களில் சேர்கிறார்கள். 2016 றியோ ஒலிம்பிக்கில் சுவிஸ் வீராங்கனை ஹைடி டீத்தெல்ம் கெர்பர் 25 மீற்றர் கைத்துப்பாக்கிப் போட்டியில் வெண்கலம் வென்றார். அந்தப் போட்டியில் பயன்படுவது .22 ரவைதான்.

நான் சில ஆண்டுகளாக ஒரு கழகத்தில் கருவிகளைத் துப்புரவாக்கும் மேசையில் உதவி வருகிறேன். அங்கு அடிக்கடி வந்து சேர்வது, .22 மாற்றுத்தொகுதி பூட்டிய நிலையில் இறுகி நிற்கும் கைத்துப்பாக்கி. பெரும்பாலும் காரணம் சிறியது. ஆனால் அதைத் திறக்கப் போய்க் கையையோ கண்ணையோ இழக்கும் வாய்ப்பு சிறியதல்ல. பிள்ளைகளைக் கழகத்துக்கு அனுப்பும் பெற்றோரும் இதை விளங்கி வைத்திருப்பது நல்லது.

மாற்றுத்தொகுதி என்றால் என்ன?

9 மில்லிமீற்றர் அல்லது .45 ரவைக்காகச் செய்யப்பட்ட கைத்துப்பாக்கியின் மேற்பகுதியைக் கழற்றிவிட்டு, .22 ரவைக்கான குழல், ஸ்லைட், ஸ்பிரிங், மகசீன் ஆகியவற்றைப் பூட்டுவதே மாற்றுத்தொகுதி. கைப்பிடியும் விசையும் பழையனவே. அதே பிடியில், குறைந்த செலவில், குறைந்த உதைப்பில் பயிற்சி எடுக்கலாம். 1949இல் சுவிஸ் இராணுவம் ஏற்றுக்கொண்ட கைத்துப்பாக்கியின் குடும்பமான சிக் பி210க்கும் இப்படியொரு தொகுதி செய்யப்பட்டது. அமெரிக்காவில் கோல்ட் நிறுவனம் 1930களிலேயே தன் .45 கைத்துப்பாக்கிக்கு இதைச் செய்து விற்றது.

சிக்கலின் வேர் ரவையில் இருக்கிறது. 9 மில்லிமீற்றர் ரவையில் தீமூட்டும் மருந்து கோதின் அடி நடுவில் இருக்கும். .22இல் அது கோதின் விளிம்புக்குள் பரவியிருக்கும். துப்பாக்கியின் ஊசி அந்த விளிம்பை நசுக்கும்போது ரவை வெடிக்கிறது. வழமையான .22 சன்னத்தின் நிறை சுமார் 2.6 கிராம், 9 மில்லிமீற்றர் சன்னம் சுமார் 8 கிராம். ஸ்லைட்டைப் பின்னே தள்ளக் கிடைக்கும் விசையும் அதற்கேற்பக் குறைவு. அதனால்தான் பல தொகுதிகளில் ஸ்லைட்டை அலுமினியத்தில் இலேசாகச் செய்கிறார்கள். விசையில் மிச்சமில்லாத பொறி சிறு அழுக்குக்கும் நின்றுவிடும்.

முதலில் செய்ய வேண்டியவை

இறுகிய துப்பாக்கிக்குள் வெடிக்காத ரவை இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லை என்று கண்ணால் காணும்வரை இந்த எண்ணம் மாறக்கூடாது.

1. குழல் வாய் இலக்கின் பக்கமே இருக்க வேண்டும். "இங்க பாருங்கோ, இறுகிட்டுது" என்று துப்பாக்கியோடு பின்னால் திரும்புவதுதான் சுடுதளத்தில் நடக்கும் ஆகக் கூடாத காரியம்.

2. விரலை விசையிலிருந்து எடுத்துவிட்டு, மற்றக் கையை உயர்த்தி மேற்பார்வையாளரைக் கூப்பிட வேண்டும்.

3. விசையை இழுத்தும் வெடிக்கவில்லை என்றால், அசையாமல் ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். தாமதமாக வெடிக்கும் ரவைகள் அரிது. ஆனால் இல்லாமல் இல்லை.

4. அதன் பிறகு முதலில் மகசீனைக் கழற்ற வேண்டும். மகசீன் உள்ளே இருக்கும்போது ஸ்லைட்டை இழுத்தால் அடுத்த ரவையும் ஏறி இரட்டைச் சிக்கலாகும்.

5. வழமையைவிட மெல்லிய "பொத்" என்ற சத்தம் கேட்டிருந்தால் சன்னம் குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அடுத்த ரவையைச் சுட்டால் குழல் வீங்கும் அல்லது வெடிக்கும். அன்றைய சுடுதல் அத்தோடு முடிந்தது.

எங்கே இறுகியிருக்கிறது?

இறுகும் வகைகள் நான்கு. எது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

*ஸ்லைட் முழுதாக மூடவில்லை.* .22 சன்னம் மென்மையான ஈயம்; பெரும்பாலும் மெழுகு பூசியிருக்கும். மெழுகும் ஈயமும் கரியும் சேர்ந்து ரவை அறையின் வாயில் வளையமாகப் படிகின்றன. ரவை முழுதாக உள்ளே போகாமல் நிற்கும். இந்த நிலையில் ஸ்லைட்டின் பின்புறத்தைக் கையால் அடித்து மூடக்கூடாது. விளிம்பு நசுங்கினாலே வெடிக்கும் ரவை இது. அறைக்கு வெளியே அரைகுறையாக நிற்கும்போது வெடித்தால் கோது கிழிந்து துண்டுகள் முகத்துக்கே வரும். மகசீனை எடுத்து, ஸ்லைட்டைப் பின்னுக்கு இழுத்து, ரவையை வெளியே எடுப்பதுதான் முறை.

*ஸ்லைட் திறக்கவில்லை.* வெற்றுக் கோது அழுக்கில் ஒட்டியிருக்கலாம், அல்லது சுடாத ரவையின் சன்னம் குழலின் உட்புரியில் கடித்திருக்கலாம். ஸ்லைட்டை உறுதியாகப் பிடித்து நேராக, சீராக இழுத்துப் பார்க்கலாம். மேசை விளிம்பில் குத்துவதும் சுத்தியலால் தட்டுவதும் கூடாது. ரவை சுடப்பட்டதா இல்லையா என்று தெரியாதபோது குழல் வாய் வழியாகக் கம்பி விடவே கூடாது. கம்பி விடுபவரின் கை நேராகக் குழலின் முன்னால் இருக்கிறது. குழல் வாயைப் பாதுகாப்பான பக்கம் வைத்தபடியே கழகத்தின் ஆயுதத் திருத்துநரிடம் ஒப்படைக்க வேண்டியது இந்த நிலையில்தான்.

*கோது வெளியேறும் வாயில் சிக்கியிருக்கிறது.* கோது நிமிர்ந்து புகைபோக்கிபோல் நிற்கும். ஸ்லைட் போதிய தூரம் பின்னே போகவில்லை என்பதே பொருள். ரவை வலுக் குறைந்தது, தடவிய எண்ணெய் தடித்துவிட்டது, அல்லது சுடுபவரின் மணிக்கட்டு தளர்ந்திருந்தது; இந்த மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். பயிற்சிக்கு வரும் பிள்ளைகளிடம் மூன்றாவதே அதிகம். பிடியைத் திருத்தினால் துப்பாக்கியும் திருந்தும்.

*தொகுதியே உடலிலிருந்து கழலவில்லை.* ரவை அறை வெறுமையென்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்த பிறகே இதைத் தொட வேண்டும். மகசீன் வெளியே இருக்கிறதா? பல வகைகளில் சுத்தியை பின்னிழுத்து வைத்தால்தான் மேற்பகுதி நகரும். ஸ்லைட்டை உரிய இடத்துக்கு நகர்த்தினால்தான் ஸ்லைட்டை நிறுத்தும் ஊசி வெளியே வரும். ஸ்பிரிங் வழிகாட்டி தன் இடத்திலிருந்து நழுவினாலும் இறுகும். தொகுதியும் உடலும் வெவ்வேறாகச் செய்யப்பட்டவை என்பதால் புதிதில் தண்டவாளம் இறுக்கமாக இருப்பதுண்டு. அரத்தால் உடலை உராயக் கூடாது. உராய்ந்த இரும்பைத் திரும்ப வைக்க முடியாது.

திரும்பத் திரும்ப இறுகினால்

ரவை அறையை வெண்கலத் தூரிகையாலும் கரைப்பானாலும் துப்புரவாக்குங்கள். சில நூறு ரவைகளுக்கு ஒரு முறையாவது இது வேண்டும். எண்ணெய் ஒரு சொட்டுப் போதும். கூடினால் கரியைப் பிடித்து வைக்கும்.

மகசீனுக்குள் ரவைகளின் விளிம்புகளைப் பாருங்கள். மேல் ரவையின் விளிம்பு, கீழ் ரவையின் விளிம்புக்குப் பின்னால் விழுந்தால் இரண்டும் பூட்டிக்கொள்ளும். மேல் ரவையின் விளிம்பு எப்போதும் முன்னால் இருக்குமாறு நிரப்புவதே இதற்கு மருந்து.

ரவையில்லாமல் விசையை இழுத்துப் பழகும் வழக்கத்தை .22இல் தவிருங்கள். சில தொகுதிகளில் ஊசி ரவை அறையின் விளிம்பிலேயே மோதிப் பள்ளமாக்கும். பள்ளத்தின் ஓரம் எழும்பி ரவை ஏறாமலும் கோது வராமலும் தடுக்கும். திருத்துநர் அதற்கான கருவியால் சரிசெய்யக்கூடிய பழுது இது.

கடைசியாக, ரவையை மாற்றிப் பாருங்கள். 40 கிரெயின் நிறையுள்ள உயர்வேக ரவையைப் பல தயாரிப்பாளர்கள் பரிந்துரைக்கிறார்கள். மெதுவேக ரவைகள் பல தொகுதிகளை இயக்கப் போதாது.

சட்டம்: எங்களுக்கு மட்டும் உள்ள ஒரு வரி

சுவிஸ் சட்டத்தில் கைத்துப்பாக்கியின் குழலும் ஸ்லைட்டும் ஆயுதத்தின் முக்கிய பாகங்கள். எனவே மாற்றுத்தொகுதியை வெறும் உதிரிப்பாகம் என்று எண்ணி வாங்கவோ நண்பரிடம் இரவலாகப் பெறவோ கூடாது.

அதோடு, சுவிஸ் ஆயுத ஒழுங்குவிதியின் 12ஆம் பிரிவு சில நாடுகளின் குடிமக்கள் ஆயுதம் வாங்குவதையும் வைத்திருப்பதையும் சுடுவதையும் தடை செய்கிறது. கொசோவோ, சேர்பியா, துருக்கி ஆகியவற்றோடு இலங்கையும் அந்தப் பட்டியலில் உண்டு. விதிவிலக்கு வேண்டுமானால் கன்ரோன் அதிகாரிகளிடம் முன்கூட்டியே பெற வேண்டும். ஒரே வீட்டில் மகள் சுவிஸ் குடிமகளாகவும் தகப்பன் இலங்கைக் கடவுச்சீட்டோடும் இருப்பது எங்களிடையே சாதாரணம். மகள் கழகத்தில் சுடலாம். அவளுடைய துப்பாக்கியைத் தகப்பன் "பிள்ளைக்கு இறுகிட்டுது, நான் பார்த்துத் தாறன்" என்று கையில் எடுத்தால் அது அவருடைய வதிவிட உரிமைக்கே பிரச்சினையாக வரலாம். இந்த ஒரு வரிக்காகவேனும் இக்கட்டுரையைப் பெற்றோர் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

ஊரில் இருப்பவர்களுக்கு

மேலே சொன்னவை பராமரிக்கப்பட்ட, வரலாறு தெரிந்த விளையாட்டுத் துப்பாக்கிக்கு மட்டுமே பொருந்தும். வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் கிணறு இறைக்கும்போதும் காணி துப்புரவாக்கும்போதும் கிடைக்கும் துருவேறிய துவக்குக்கோ ரவைக்கோ இவற்றில் எதுவும் பொருந்தாது. மண்ணில் கிடந்ததால் அது செத்துவிட்டது என்று பொருளல்ல. இழுத்துப் பார்க்கவும், கழுவவும், பழைய இரும்புக்கு விற்கவும் வேண்டாம். இடத்தை அடையாளமிட்டு, பிள்ளைகளை விலக்கி, 119க்கு அழையுங்கள். அல்லது கிராம அலுவலர் வழியாகக் கண்ணிவெடி அகற்றும் பிரிவினருக்கு அறிவியுங்கள்.

கழகத்து மேசையிலும் இதே அளவுகோல்தான். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தால் திருத்தலாம். தெரியாவிட்டால் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.