காகிதத்தில் இருந்த குழாயும் மண்ணுக்குள் கிடந்த குழாயும்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். காபி குடித்துக்கொண்டே படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை என் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்திருந்தான். கடைசி பெஞ்சுக்காரன். இப்போது வளைகுடா நாடு ஒன்றில் எண்ணெய்க் குழாய் பதிக்கும் வேலையில் வெல்டிங் இன்ஸ்பெக்டர். "வெல்டர் வேலை செய்யும்போது பக்கத்தில் நின்னு பார்ப்பியா தம்பி?" என்று கேட்டேன். "பார்ப்பேன் சார். ஆனா முக்கால்வாசி நேரம் ஃபிலிம்தான் பார்க்கிறது. நான் கையெழுத்துப் போட்டதும் மண்ணைத் தள்ளி மூடிடுவாங்க. அதுக்கப்புறம் அந்த வெல்டை யாரும் பார்க்க முடியாது" என்றான்.

அவன் போன பிறகும் அந்தக் கடைசி வார்த்தை மனசை விட்டுப் போகவில்லை. வரலாற்று வாத்தியாருக்கு வெல்டிங்கில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். நான்கு நாள் தேடிப் படித்ததில் அமெரிக்காவில் நடந்த இரண்டு சம்பவங்கள் கிடைத்தன. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் விஷயம் புரிகிறது.

முதலில், ஃபிலிம் என்றால் என்ன? கையை ஒடித்துக்கொண்டால் எக்ஸ்ரே எடுக்கிறோமே, அதேதான். இரண்டு குழாய்களைச் சேர்த்து வெல்டு வைத்த வளையத்தைச் சுற்றி ஃபிலிமைக் கட்டி, எக்ஸ்ரேயோ காமா கதிரோ செலுத்துவார்கள். உள்ளே காற்றுக் குமிழி, கசடு, உருகிச் சேராத இடம், விரிசல் ஏதாவது இருந்தால் அங்கே இரும்பு குறைவு. கதிர் அதிகமாகப் புகுந்து படத்தில் கறுப்பாகத் தெரியும். எந்த வெல்டின் படம் என்பதற்கு ஈய எண்களை வைத்துப் படத்திலேயே பதிவு செய்வார்கள். வெல்டு மண்ணுக்குள் போய்விடும். மிஞ்சுவது அந்தப் படமும் எண்ணும் கையெழுத்தும்தான்.

இனி அலாஸ்கா. வடகோடியில் உள்ள புரூடோ பே என்ற இடத்து எண்ணெயைத் தெற்கே வால்டெஸ் துறைமுகத்துக்குக் கொண்டுவர 800 மைல் குழாய். விட்டம் 48 அங்குலம், ஒரு சிறுவன் நிமிர்ந்தே உள்ளே நடந்து போகலாம். 1973 நவம்பரில் சட்டம் கையெழுத்தானது. 1975 மார்ச்சில் முதல் குழாயைப் பதித்தார்கள். மொத்தம் ஒரு லட்சத்துக்கும் மேலான வெல்டுகள். வழக்கமான விதிப்படி வெல்டுகளில் ஒரு பகுதியைப் படமெடுத்தால் போதும். ஆனால் உறைந்த மண், பூகம்பப் பகுதி, ஆறுகள் என்பதால் இந்தக் குழாயில் குறுக்கு வெல்டு ஒவ்வொன்றையும் படமெடுக்க வேண்டும் என்று அரசு ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கியிருந்தது. காகிதத்தில் பார்த்தால் அதைவிடக் கடுமையான ஆய்வு இருக்க முடியாது.

நடந்தது வேறு. படமெடுக்கும் வேலையைத் துணை ஒப்பந்தத்தில் எடுத்திருந்த நிறுவனத்தில் வேலை பார்த்த ஒருவர், படங்களில் போலி நடக்கிறது என்று வழக்குப் போட்டார். குழாய் கட்டிய அலியெஸ்கா நிறுவனம் 1975இல் வைத்த 30,800 வெல்டுகளின் படங்களையும் மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டியதாயிற்று. 3,955 வெல்டுகளில் ஏதோ ஒரு சிக்கல். சிலவற்றுக்குப் படமே இல்லை. சில படங்கள் மங்கல். சிலவற்றில் குறை தெரிந்தும் சரிசெய்த அடையாளம் இல்லை. சில இடங்களில் நல்ல வெல்டு ஒன்றின் படத்தையே வேறு வேறு எண் போட்டுச் சேர்த்திருந்தார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 3,955 வெல்டும் கெட்டவை என்று அர்த்தமில்லை. பெரும்பாலானவை நன்றாகவே இருந்திருக்கலாம். நன்றாக இருக்கிறது என்று சொல்லத்தான் யாரிடமும் ஆதாரம் இல்லை.

இதைப் படித்தபோது எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. பணியில் இருந்த காலத்தில் ஒருமுறை ஆண்டாய்வுக்கு அதிகாரி வருகிறார் என்று முந்தின நாள்தான் தெரிந்தது. மூன்று வாரப் பாடக்குறிப்பு எழுதாமல் கிடந்தது. இரவு ஒரு மணி வரை உட்கார்ந்து, மையின் நிறம் ஒன்றுபோல இருக்கக் கூடாது என்று இரண்டு பேனா மாற்றி எழுதினேன். அதிகாரி நோட்டைப் புரட்டி 'நன்று' என்று எழுதிவிட்டுப் போனார். வகுப்பறைப் பக்கம் வரவே இல்லை. அந்த மூன்று வாரமும் பாடம் நடத்தினேன், அது வேறு. ஆனால் அந்த நோட்டு அதற்குச் சாட்சி இல்லை.

அலாஸ்காவுக்கு வருவோம். 1976இல் விஷயம் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் விசாரணைக்கே போனது. புதைத்த குழாயைத் தோண்டி, மேல்பூச்சை உரித்து, மறுபடி படமெடுத்து, வேண்டிய இடத்தில் பழுதுபார்த்தார்கள். சில வெல்டுகளுக்கு நிறுவனம் விலக்குக் கேட்டது: விதியில் உள்ள அளவு நல்ல கைவேலைக்கான அளவுதானே தவிர, குழாய் உடையும் அளவு அல்ல; இந்தச் சிறு குறைகளால் ஆபத்தில்லை என்பது அவர்கள் வாதம். அது வெறும் சால்ஜாப்பு இல்லை. அரசின் தேசியத் தர அளவை நிலையமே எவ்வளவு பெரிய குறை எவ்வளவு அழுத்தத்தில் விரிசலாகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தது. கடைசியில் விலக்குக் கிடைத்தது மூன்றே மூன்று வெல்டுகளுக்கு. அவை கோயுகுக் ஆற்றின் அடியில் புதைந்திருந்தவை. 1977 ஜூன் 20 அன்று எண்ணெய் ஓடத் தொடங்கியது.

பணம் கோடிக்கணக்கில் போனது, மானமும் போனது. ஆனால் எல்லாமே குழாயில் எண்ணெய் ஏறுவதற்கு முன்பு நடந்தது. அப்படி யாரும் தோண்டிப் பார்க்காத குழாயின் கதை அடுத்தது.

2010 செப்டம்பர் 9, மாலை 6 மணி 11 நிமிடம். சான் பிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே சான் புரூனோ என்ற ஊரின் குடியிருப்பில் பூமி வெடித்துத் தீ எழுந்தது. விமான நிலையம் பக்கத்தில் என்பதால் விமானம் விழுந்துவிட்டது என்றுதான் பலர் நினைத்தார்கள். வெடித்தது வீட்டுச் சாலைக்கு அடியில் போன 30 அங்குல எரிவாயுக் குழாய். 28 அடி நீளத் துண்டு, ஏறக்குறைய 1,360 கிலோ எடை, 100 அடி தள்ளிப் போய் விழுந்தது. தெருவில் 72 அடி நீளப் பள்ளம். வால்வுகளை ஆட்கள் வண்டியில் போய்க் கையால் மூட வேண்டியிருந்ததால் வாயு நிற்க 95 நிமிடம் ஆனது. எட்டுப் பேர் இறந்தார்கள். 38 வீடுகள் அழிந்தன.

தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்தது. பசிஃபிக் கேஸ் அண்ட் எலக்ட்ரிக் நிறுவனத்தின் பதிவேட்டில் அந்தக் குழாய் 'தையல் இல்லாதது' என்று இருந்தது. அதாவது நீளவாக்கில் வெல்டே கிடையாது. ஆனால் 30 அங்குலத்தில் தையல் இல்லாத குழாய் அந்தக் காலத்தில் அங்கே கிடைக்கவே இல்லை. கணக்குப் பிரிவின் ஒரு சீட்டில் இருந்த தகவல் அப்படியே பதிவேட்டுக்கும் பிறகு கணினிக்கும் ஏறியிருக்கிறது. உண்மையில் மண்ணுக்குள் கிடந்தவை 1956இல் சேர்த்த குட்டைத் துண்டுகள். சில துண்டுகளின் நீள வெல்டை வெளியே மட்டும் வைத்துவிட்டு உள்பக்கம் வைக்காமலே விட்டிருந்தார்கள். குனிந்து உள்ளே பார்த்திருந்தால் வெறும் கண்ணுக்கே தெரிந்திருக்கும், எக்ஸ்ரேகூட வேண்டாம்.

அதன் பிறகு சட்டம் வராமல் இல்லை. 1961இல் கலிஃபோர்னியா தன் விதிகளைக் கொண்டுவந்தது. 1965இல் லூசியானாவில் நாக்கிடோஷ் ஊரருகே எரிவாயுக் குழாய் வெடித்து 17 பேர் இறந்தார்கள். 1968இல் நாடு முழுவதற்குமான சட்டம், 1970இல் விதிகள். புதுக் குழாய்களை அழுத்தச் சோதனை செய்யாமல் ஓட்டக் கூடாது என்றார்கள். பழைய குழாய்களுக்கு மட்டும் விலக்கு: இத்தனை வருடம் எந்த அழுத்தத்தில் ஓடியதோ அதிலேயே ஓடட்டும். இவ்வளவு நாள் ஒன்றும் ஆகவில்லையே என்பதுதான் நியாயம். நம் ஊரில் பழைய பாலத்துக்குச் சொல்வார்களே, அதே நியாயம். அந்த விலக்கில்தான் பாதி வெல்டு வைத்த குழாய் 54 வருடம் ஓடியது.

2015இல் நிறுவனத்துக்கு 160 கோடி டாலர் அபராதம். 2016இல் குற்றவாளி என்று ஜூரி தீர்ப்பும் வந்தது. அதையெல்லாம் விட என் மனதில் நின்றது 2011இன் தொடக்கத்தில் நடந்தது. எந்தக் குழாயை எப்போது சோதித்தோம் என்று காட்டுங்கள் என்றதும், நிறுவனம் கௌ பேலஸ் என்ற பெரிய அரங்கத்தை எடுத்து, லாரி லாரியாகப் பழைய காகிதப் பெட்டிகளைக் கொண்டுவந்து இறக்கி, இரவு பகலாக ஆட்களை வைத்துத் தேடியது. பல குழாய்களுக்குச் சான்று கிடைக்கவில்லை. ஜூன் மாதம் மாநில ஆணையம் உத்தரவு போட்டது: சான்று இல்லாத குழாயைச் சோதி, இல்லையென்றால் மாற்று.

சோதனை எளிமையானதுதான். வாயுவை வெளியேற்றிவிட்டுத் தண்ணீரை நிரப்பி, ஓட்டும் அழுத்தத்தைவிட அதிகமாக ஏற்றிப் பார்ப்பது. அந்த நவம்பரில் சான் புரூனோவில் வெடித்த அதே 132ஆம் எண் லைனில், உட்சைட் என்ற ஊரருகே இப்படிச் சோதிக்கும்போது குழாய் பிளந்தது. உள்ளே இருந்தது தண்ணீர். சரிவில் மண் கரைந்து நெடுஞ்சாலையில் சேறாக வழிந்தது. வண்டிகள் கொஞ்ச நேரம் நின்றன.